முற்பட்டார் முற்பட்டது எதனால்?



இன்று ஒன்பதாம் திருநாள். காலையில் தேர் வலம் வந்து நிலைக்குச் சேர்ந்தது. வெயிலில் வடம் பிடித்த கைகள் இன்னும் சிவந்திருக்க, இவ்வளவு பேர் மீண்டும் வந்து மண்டபத்தில் அமர்ந்திருப்பது எமக்கு மகிழ்ச்சியைத் தருகிறது. விழாக் குழுவார் எமக்கு இட்ட தலைப்பு 'அடியார் பெருமை' என்பது. அத்தலைப்பை விட்டு யாம் விலகப் போவதில்லை. ஆயினும் சற்றுச் சுற்றுவழியில் அதனிடம் சென்று சேரலாமென்று கருதுகிறோம். காரணம், காலையில் கண்ட ஒரு காட்சி.

தேர் புறப்படுவதற்கு முன்னர் கால் மணி நேரம் அசையாமல் நின்றது. அச்சு முறியவில்லை, சக்கரம் மண்ணில் புதையவில்லை, முட்டுக்கட்டையையும் எடுத்தாகிவிட்டது. பின் எதனால் நின்றது என்பதை நீங்களும் அறிவீர்கள், யாமும் அறிவோம். முதலில் வடம் தொடும் கை யாருடையது, பரிவட்டம் யார் தலைக்கு முதலில் என்ற வழக்குத்தான். ஆண்டுதோறும் வருவது, ஆண்டுதோறும் ஒருவாறு தீர்வது. அதனைப் பழித்துரைக்க யாம் இங்கு வரவில்லை. தேரின் மேல் இறைவன் காத்திருக்க, கீழே மனிதர் 'நான் முன், நீ பின்' என்று நின்ற அக்கால் மணி நேரத்தில் எமக்கு ஒரு வினா எழுந்தது. ஒருவன் மற்றொருவனுக்கு முன்னே நிற்பது எதனால்? ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைக் காட்டிலும் ஏற்றம் பெறுவது எதனால்?

பிறப்பினால் என்பர் சிலர். நம் புராணமே அதற்கு மறுமொழி சொல்லிவிட்டது. அறுபத்து மூவர் வரிசையில் வேதியரும் வேடரும், அரசரும் குயவரும், வேளாளரும் வண்ணாரும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றனர். வலிமையினால் என்பர் வேறு சிலர். வாள் வலிமை பெற்ற அரசுகள் எத்தனை அழிந்தன என்பதை நம்மூர்க் கல்வெட்டுகளே காட்டும். செல்வத்தினால் என்றால், அச்செல்வம் முதன்முதலில் எங்கிருந்து வந்தது என்ற வினா எஞ்சி நிற்கும். இவற்றையெல்லாம் நூல்வழி ஆராய்ந்துகொண்டிருந்தால் இரவு பூசைக்கு மணி அடித்துவிடும். ஆதலின் நாம் நன்கறிந்த ஒரு கூட்டத்தாரையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். நாட்டுக்கோட்டை நகரத்தார் என்னும் வணிகப் பெருங்குடியினரை. இந்த மண்டபத்தின் கல்தூண்கள் பலவற்றில் அவர்கள் கை பட்டிருக்கிறது. ஆகவே புகழுரை நிகழ்த்தப் போகிறோம் என்று எண்ணிவிட வேண்டா. அவர்கள் பெற்றதையும் பார்ப்போம், இழந்ததையும் பார்ப்போம்.

தமிழ் வணிகர் கூட்டமாகச் சென்று கடல் கடந்து வாணிகம் செய்தது புதிய செய்தி அன்று. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் சுமத்திராத் தீவில், இன்று லோபு துவா என வழங்கும் இடத்தில், 1088ஆம் ஆண்டில் தமிழிலேயே கல்வெட்டுப் பொறித்து வைத்தனர். மரக்கலத்தில் வருவோர் செலுத்த வேண்டிய பொன்னைப் பற்றி அக்கல் பேசுகிறது. சீன நாட்டுக் குவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டில் சிவபெருமானுக்குக் கோயில் எழுந்தது; தமிழும் சீனமும் பொறித்த கல் அதற்குச் சான்றாகக் கிடைத்திருக்கிறது. போன இடத்தில் கிடங்கு கட்டுவது வணிகர் இயல்பு. கிடங்கோடு கோயிலும் கட்டியது இவர்கள் இயல்பு. அது பக்தி மட்டும்தானா, பக்தியோடு வேறொன்றும் கலந்திருந்ததா என்பதைச் சிறிது பொறுத்துச் சொல்வோம்.

இனிப் பர்மாவுக்கு வருவோம். 1852ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைக் கைப்பற்றினர். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பிய நாடுகளுக்கு அரிசி ஏற்றும் வழி சுருங்கியது. ஐராவதி ஆறு கடலில் கலக்கும் கழிமுகம் முழுவதும் அந்நாளில் காடும் கோரையும் நீரும் மண்டிய நிலம். அதனைத் திருத்தினால் பொன் விளையும். திருத்த ஆள் உண்டு. பர்மிய உழவன் உழைப்பில் எவருக்கும் இளைத்தவன் அல்லன். காட்டை வெட்டவும், எருது வாங்கவும், முதல் விளைச்சல் வரும்வரை உண்ணவும் வேண்டிய பணம்தான் இல்லை. ஆங்கிலேயரின் பெரிய வங்கிகள் இரங்கூனில் மாளிகை எழுப்பி அமர்ந்திருந்தன. அவற்றின் துரைமார் சேற்றில் இறங்கி, ஓர் உழவனின் நிலத்தைப் பார்த்து, 'இவன் நாணயமானவன். இவனுக்கு இருநூறு ரூபாய் கொடுக்கலாம்' என்று முடிவு செய்ய வல்லவர்களா? அல்லர். நகரத்தாரின் முகவரோ ஆற்றங்கரைச் சிற்றூரில் ஓலைக் கூரையின் கீழ்ப் பெட்டியடி போட்டு அமர்ந்தார்; பர்மிய மொழி பேசினார்; எவன் வயலில் எத்தனைக் கூடை நெல் காணும் என்பது அவருக்கு மனப்பாடமாயிற்று.

1850களில் கீழ்ப் பர்மாவில் நெல் விளைந்த நிலம் ஏறத்தாழ எட்டு இலட்சம் ஏக்கர். 1930களில் அது எண்பது இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. அரசு 1929இல் அமைத்த வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது பர்மாவில் நகரத்தார் கடைகள் ஏறத்தாழ 1,650 இருந்தன; அவற்றில் புரண்ட பணம் 75 கோடி ரூபாய் அளவில் மதிப்பிடப்பட்டது. கீழ்ப் பர்மாவில் எந்த உழவனுக்கும் ஒரு நாள் பயணத் தொலைவுக்குள் ஒரு செட்டியார் கடை இருந்தது. உள்ளூர் வட்டிக்காரர் வாங்கிய வட்டியைக் காட்டிலும் இவர்கள் வாங்கியது குறைவு என்பதையும் அக்காலப் பதிவுகள் சொல்கின்றன.

வறண்ட நாட்டில், மழை பொய்த்தால் கண்மாய் வற்றும் சீமையில் பிறந்த சில ஆயிரம் குடும்பத்தார் இதனை எவ்வாறு செய்தனர்? படை இல்லை. அரசாங்கம் அவர்களுடையது அன்று. ஆங்கிலப் படிப்பும் அந்நாளில் பெரும்பாலோர்க்கு இல்லை. இருந்தவை என்ன என்று பார்ப்போம்.

முதலாவது, பிள்ளையை வளர்த்த முறை. பத்துப் பன்னிரண்டு வயதில் பையன் பெட்டியடிக்கு வந்துவிடுவான். அதற்கு முன்னரே எண்சுவடியும் கீழ்வாய் இலக்கமும் நாவில் ஏறியிருக்கும். ஒன்றை முந்நூற்றிருபதாகப் பகுத்த ஒரு கூறு முந்திரி. அம்முந்திரியையே மீண்டும் முந்நூற்றிருபதாகப் பகுத்துக் கீழ் முந்திரி என்று பெயரிட்டு, அதிலும் பெருக்கல் வகுத்தல் பழகியது நம் பழைய கணக்கு. இன்று விரல் நுனியில் பொறியைத் தட்டிக் கணக்குப் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு அது கதைபோல் தோன்றும். (தட்டுவதைக் குறை சொல்லவில்லை, யாமும் தட்டித்தான் பார்க்கிறோம்.) பையன் கூட்டிப் பெருக்குவான், விளக்குத் துடைப்பான், பெரியவர்களுக்கு எடுபிடி செய்வான், இடையிடையே குறிப்பேடு எழுதக் கற்பான். பிறகு அடுத்தாள், பிறகு மேலாள், அதன் பிறகுதான் முகவர். முதலாளியின் சொந்த மகனாயினும் பெரும்பாலும் மற்றொருவர் கடையில் சம்பளத்துக்கு இருந்துதான் தொழில் கற்றான். தகப்பன் கடையில் பிள்ளையைக் கடிந்துகொள்ள யாருக்கு மனம் வரும்? இந்த ஒரு வழக்கத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். எத்தனைச் செல்வக் குடும்பங்கள் இரண்டாம் தலைமுறையில் கரைந்துபோவது இது இல்லாமையால் அன்றோ?

அடுத்தது கணக்கு. அன்றாடம் நடப்பது குறிப்பேட்டில் ஏறும். அங்கிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏறும். ஆண்டிறுதியில் ஐந்தொகை எடுப்பார்கள். இரங்கூனில் இருக்கும் முகவர் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருக்கும் முதலாளிக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். முகவர் மூன்று ஆண்டுக்குச் சம்பளச்சீட்டு எழுதிக்கொண்டு கப்பலேறுவார். அங்கே முதலாளியின் கண் இல்லை. அவர் கையில் ஆயிரமாயிரம் புரளும். அவர் நேர்மையாக இருந்தார் என்றால் அதற்கு அவருடைய நல்ல குணம் ஒரு காரணம். அதனை மறுக்கவில்லை. ஆனால் நல்ல குணத்தை மட்டும் நம்பி எந்தக் கூட்டமும் நெடுநாள் தொழில் நடத்த முடியாது. அங்கேதான் கோயில் வருகிறது.

இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என ஒன்பது கோயில்கள். நகரத்தார் ஒவ்வொருவரும் இவ்வொன்பதில் ஒன்றைச் சேர்ந்தவர். திருமணம் நடந்தால் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். அம்மாலை வந்த பின்னரே அவ்விருவரும் ஒரு புள்ளி. கோயில் கணக்கில் அவர்கள் பெயர் ஏறும். கோயிலுக்குரிய வரியும் அன்று முதல் தொடங்கும். இதன் பொருளை ஊன்றி நோக்குங்கள். பர்மாவின் ஓர் ஆற்றங்கரையில் ஒருவன் கணக்கைப் புரட்டினால், அச்செய்தி அடுத்த கப்பலில் அவன் கோயிலுக்கு வந்துவிடும். அவன் மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது அது முன்னே வந்து நிற்கும். நீதிமன்றத்தை ஏமாற்றலாம், பெண் கொடுத்து எடுக்கும் வீடுகள் அனைத்தையும் ஏமாற்ற இயலுமா?

வெளிநாட்டிலும் அவ்வாறே. சிங்கப்பூரில் தெண்டாயுதபாணி கோயில் 1859இல் குடமுழுக்குக் கண்டது. போன ஊரிலெல்லாம் முருகனுக்குக் கோயில் எழுந்தது. இரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் தமிழ் மாதந்தோறும் நகரத்தார் கூடுவர். வழிபாடு முடிந்ததும் அம்மாதத்துக்குரிய நடப்பு வட்டி அங்கேயே முடிவாகும். ஒருவரோடொருவர் கொடுக்கல் வாங்கலுக்கு அதுவே அளவுகோல். ஒரு கடைக்குத் திடீரெனப் பணமுடை நேர்ந்தால் மற்றக் கடைகள் கைகொடுக்கும். சற்று முன் ஒரு வினாவை நிறுத்தி வைத்தோம் அல்லவா? கோயில் கட்டியது பக்தியினால்தான். ஐயமே இல்லை. அதே கோயில் அவர்களுக்கு வங்கியும் ஆயிற்று, வழக்குமன்றமும் ஆயிற்று, செய்தி நிலையமும் ஆயிற்று. ஆண்டவன் சந்நிதியில் சொன்ன சொல்லுக்கு முத்திரைத்தாள் வேண்டியிருக்கவில்லை.

தாய்மார்களைப் பற்றி ஒரு சொல். கணவர் மூன்றாண்டு கடலுக்கு அப்பால் இருக்க, வீட்டையும் நிலபுலத்தையும் பிள்ளைகளையும் கட்டிக் காத்தவர்கள் ஆச்சிமார்கள். அவர்களுடைய சீதனப் பணமும் சிறுவாட்டுப் பணமும் கடையில் வைப்பாக இருந்து வட்டி ஈட்டின. அப்பணத்துக்குத் தனிக் கணக்கு. தொழிலின் அடித்தளத்தில் பெண்களின் பணம் கிடந்தது என்பதை இதுபற்றிப் பேசுவோர் பலர் மறந்துவிடுகின்றனர். முத்து முத்தான கையெழுத்தில் ஓர் ஆச்சி எழுதி வைத்த வரவு செலவுக் குறிப்பை ஒரு பழைய வீட்டின் மாடியறையில் யாம் கண்டிருக்கிறோம். உப்பு வாங்கிய காசும் அதில் இருந்தது. கொழும்புக் கடை வட்டியும் அதில் இருந்தது.

இவற்றில் ஏதேனும் இரத்தத்தில் வருவதா? இல்லையே. சிறுவயதுப் பயிற்சி, ஒளிவில்லாத கணக்கு, ஒருவரையொருவர் கைவிடாத கூட்டம், சொல் தவறினால் நாணமுறச் செய்யும் ஒரு பொது இடம். மார்வாரிகளிடமும், மலேயாவுக்குச் சென்ற சீன வணிகரிடமும் இவற்றை ஒத்த ஏற்பாடுகளைக் காணலாம். எவர் இவற்றைக் கைக்கொண்டாலும் பக்கத்தில் நிற்பவரை முந்தத்தான் செய்வர். பர்மிய உழவனை எண்ணிப் பாருங்கள். அறிவில் குறைந்தவன் அல்லன். ஊர்தோறும் பிக்குகள் நடத்திய மடங்களில் எழுத்துக் கற்ற நாடு அது. அவனுக்கு இல்லாதிருந்தது கூட்டு. நெல் விலை என்னும் பெரும்புயலை அவன் தனியே நின்று எதிர்கொண்டான். கடன் கொடுத்தவருக்குப் பின்னே ஒன்பது கோயில்கள் இருந்தன. கடன் வாங்கியவனுக்குப் பின்னே அவன் எருதுகள் மட்டுமே இருந்தன.

புயல் 1930இல் வந்தது. உலகெங்கும் வாணிகம் முடங்கியது. நெல் விலை பாதியளவுக்குச் சரிந்தது. நூறு கூடை விற்று அடைக்க வேண்டிய கடனுக்கு இருநூறு கூடை வேண்டியதாயிற்று. இருநூறு கூடை எங்கே விளையும்? ஆங்கிலேயரின் சட்டம் நிலத்தை ஈடு வைக்கவும், ஈடு மூழ்கினால் கைமாற்றவும் இடம் கொடுத்திருந்தது. 1930இல் கீழ்ப் பர்மாவின் முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்கு. 1938இல் அது நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு. எட்டே ஆண்டில், ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் ஏக்கர்.

அவர்கள் அந்நிலத்தை விரும்பினார்களா? இல்லை என்றே சொல்ல வேண்டும். பணத்தைப் பணமாகவே சுழற்றத் தெரிந்தவர்கள் அவர்கள். சேற்று நிலம் அவர்களுக்குச் சுமை. முதலாளிக்குக் கணக்குக் காட்ட வேண்டும், வைப்புக்காரருக்கு வட்டி கொடுக்க வேண்டும், வங்கிக் கடன் வேறு நிற்கிறது. வேறு வழி இல்லாமல் எழுதி வாங்கினார்கள். ஆனால் பாட்டன் காடு வெட்டித் திருத்திய நிலத்தில் வாரத்துக்கு உழுபவனாகிவிட்ட ஒருவனிடம் சென்று இந்த நியாயத்தைச் சொன்னால் அவன் காதில் ஏறுமா? நம் நிலம் அவ்வாறு போயிருந்தால் நம் காதில் ஏறியிருக்குமா?

அதன்பின் நடந்தவற்றை விரித்துரைக்க மனம் வரவில்லை. இந்தியர்க்கு எதிரான கலவரங்கள் 1930இலும் 1938இலும் மூண்டன. 1942இல் சப்பானியர் வந்தனர். கப்பல் கிடைத்தவர் கப்பலில், கிடைக்காதவர் கால்நடையாய் ஊர் திரும்பினர். நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நிலங்களை நாட்டுடைமை ஆக்கும் சட்டம் அங்கே வந்தது. எஞ்சியிருந்த கடைகளும் 1960களில் அரசு கைக்குச் சென்றன. மூன்று தலைமுறையின் உழைப்பு மீளவில்லை. செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் பெருமாளிகைகள் சிலவற்றுக்குப் பர்மாத் தேக்கில் தூணும் உண்டு. அத்தூணைப் பார்க்க ஆள் இல்லை.

இப்பொழுது நாம் தலைப்புக்கு வந்துவிட்டோம். பழையாறை நகரில் அமர்நீதியார் என்றொரு வணிகர் இருந்தார். பொன்னும் மணியும் முத்தும் துகிலும் விற்றவர். ஈட்டியதைக் கொண்டு திருநல்லூரில் மடம் அமைத்து அடியார்க்கு அமுதும் ஆடையும் கோவணமும் வழங்கி வந்தார். ஒரு நாள் பிரமசாரி ஒருவர் வந்தார். கையில் தண்டு, தண்டில் இரண்டு கோவணமும் திருநீற்றுப் பையும். ஒரு கோவணத்தை எடுத்து, 'இதனைக் காத்து வைத்திரு' என்று கொடுத்து நீராடப் போனார். மீண்டு வந்து கேட்டபோது கோவணம் இல்லை. வேறு கோவணம் தருகிறேன், பட்டு தருகிறேன், பொன் தருகிறேன் என்றார் வணிகர். வந்தவர் ஒப்பவில்லை. தண்டில் எஞ்சியிருந்த மற்றொன்றைக் காட்டி, இதன் எடைக்கு எடை கொடு என்றார். தராசு வந்தது. ஒரு தட்டில் அந்தக் கோவணம். மறு தட்டில் மடத்துக் கோவணங்கள் எல்லாம் ஏறின, துகில் ஏறியது, பொன்னும் மணியும் ஏறின, கடையே ஏறியது. தட்டு அசையவில்லை.

இக்கதையைப் பக்திக் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். வணிகன் காது கொண்டு ஒருமுறை கேளுங்கள். இது வைப்புப் பொருள் வழக்கு. ஒருவன் நம்பிக் கொடுத்தது காணாமற்போயிற்று. வந்தவரோ ஊர் பேர் அறியாதவர். அவருக்குக் கூட்டமில்லை, அவரை ஏமாற்றினால் எந்தக் கோயில் கணக்கிலும் ஏறாது, எந்த வீட்டிலும் பெண் தர மறுக்க மாட்டார்கள். அமர்நீதியார், 'ஒரு கந்தைக்கு இவ்வளவு பொன் போதும், போய் வாரும்' என்று சொல்லியிருந்தால் பழையாறை வணிகர் அனைவரும் தலையசைத்திருப்பர். அவர் அதைச் சொல்லவில்லை. வாதம் செய்யாமல் தட்டில் பொருளை ஏற்றிக்கொண்டே இருந்தார். பொருள் தீர்ந்தபோது மனைவியோடும் மகனோடும் தாமும் ஏறினார். அப்பொழுதுதான் தட்டு நேர் நின்றது.

நகரத்தாருக்குள் ஒருவர்க்கொருவர் இருந்த நாணயத்துக்கு ஈடு காண்பது அரிது. அந்த நாணயமே அவர்களை முன்னே கொண்டு சென்றது. ஆனால் மொகல் தெருக் கோயிலில் வட்டி முடிவான அந்த மாலைகளில், அவ்வட்டியின் சுமையை இறுதியில் தாங்கும் உழவன் அங்கே அமர்ந்திருக்கவில்லை. அவன் சார்பில் பேசவும் எவரும் இல்லை. இதனை நகரத்தாரின் குறை என்று மட்டும் யாம் சொல்லவில்லை. மாளிகையில் இருந்த வங்கித் துரைமாரும், சட்டம் இயற்றிய அரசும், நெல்லை அரைத்துக் கப்பலேற்றிய ஆலைக்காரரும் அவனை எண்ணினார்களா? உள்ளே இருப்பவர்க்குள் நம்பிக்கை, வெளியே நிற்பவனுக்குச் சட்டம் என்பது உலகில் முந்திய கூட்டத்தார் பெரும்பாலோரின் வழக்கம்.

நாமும் அவ்வழக்கத்துக்கு விலக்கானவர்கள் அல்லேம். ஒரு கூட்டம் முன்னேறுவதற்குத் தன் பிள்ளைக்கு எழுத்துக் கற்பிப்பது ஒரு வழி. அடுத்தவன் பிள்ளைக்கு எழுத்தை மறுப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழியில் நம் நாட்டில் எத்தனை நூற்றாண்டு நடந்திருக்கிறோம்! நந்தனாரைப் பாடிப் பாடி உருகிய நாமே அவர் குலத்தாரைக் கோபுரத்துக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தோம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் அவர்கள் உள்ளே சென்று வழிபட்டது 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள். நந்தனார் காலத்திலிருந்து எண்ணினால் அந்த நாளுக்கு வந்து சேர எத்தனைத் தலைமுறை! திறமையினால் முந்தினோம் என்று மார்தட்டும்போது, கதவின் தாழ்ப்பாள் யார் கையில் இருந்தது என்பதையும் நினைத்துப் பார்ப்பது நல்லது.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். எம் இளமையில் எங்கள் தெருவில் இருந்தவர். பர்மாவில் அடுத்தாளாக இருந்து 1942இல் நடந்தே திரும்பியவர். புரோமிலிருந்து மலைக் கணவாய் வழியாக அரக்கான் கரைக்கு இறங்கி, அங்கிருந்து சிட்டகாங்கு வந்து சேர்ந்தவர்களுள் ஒருவர். உடன் புறப்பட்டவர்களில் பாதிப்பேர் வாந்திபேதியில் போய்விட்டதாகச் சொல்வார். புறப்படுவதற்கு முந்திய நாட்களில், கடைவீதி எரிந்துகொண்டிருந்தபோது, அவரை ஒரு பர்மிய உழவன் தன் நெற்குதிருக்குப் பின்னே ஒளித்து வைத்தான். மூன்று நாள் சோறு போட்டான். நான்காம் நாள் இருட்டில் தன் படகிலேயே ஏற்றி ஆற்றின் அக்கரையில் விட்டான். அவ்வுழவனின் நிலம் ஆறாண்டுக்கு முன்னர் இவர் இருந்த கடைக்கு எழுதி வாங்கப்பட்ட நிலம். பத்திரத்தை எழுதியது இவர் கைதான்.

ஏன் காப்பாற்றினான் என்று யாம் கேட்டோம். 'கேட்டேன் தம்பி. அவன் சிரித்தான். வீட்டுக்கு வந்தவனுக்குச் சோறு போடாமல் இருக்க முடியுமா என்றான்' என்று சொன்னார். ஊர் வந்த பின் மளிகைக் கடையொன்றில் கணக்கெழுதிப் பிழைத்தார். அவர் மறைந்த பின்னர் அவருடைய தகரப் பெட்டியில் ஒரு சிறு குறிப்பேடு இருந்தது. பிள்ளையார் சுழிக்குக் கீழே ஒரே ஒரு பெயர். பர்மியப் பெயர், தமிழ் எழுத்தில். பற்று என்ற பக்கத்தில், சோறு நாள் மூன்று, படகு ஒன்று என்று இருந்தது. வரவு என்ற பக்கம் வெறுமையாக இருந்தது. கணக்கு அறிந்தவர் ஆதலின், கட்டாமலே வைத்திருந்தார்.

மேளம் கேட்கிறது. சுவாமி புறப்பாட்டுக்கு நேரமாயிற்று, எழுந்திருப்போம். இந்த வாசலில் நெருக்கம் மிகுதி. முதியவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கும் வழிவிட்டு, மற்றவர்கள் சற்று நின்று வாருங்கள்.

திருச்சிற்றம்பலம்.